மக்காச்சோளம் விளைவிப்பவன் வீட்டில் மாவில்லை

(விவசாயிகள் சங்க ஊழியர் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோழர்களே!

இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாட்டு ஏழை விவசாயியின் பட்டினி. "நம் ஊர்ப் பிரச்னைகளே தலைக்கு மேல் கிடக்கின்றன, மலாவியின் கதை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். நம் வீட்டு அடுப்பில் வேகிற துவரம் பருப்புக்கும் அந்த நாட்டு விவசாயியின் வயிற்றுக்கும் நேரடியான சம்பந்தம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் அடிப்படையான ஒரு கேள்வியைப் பார்ப்போம்.

உலகத்தில் பட்டினி கிடப்பவர்கள் யார்? நிலமும் கலப்பையும் இல்லாத நகரத்து ஏழைகள்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியல்ல. பசித்திருப்போரில் பெரும்பகுதியினர் கிராமத்து ஜனங்கள். அவர்களிலும் மிகப் பலர் சொந்தத் துண்டு நிலத்தில் தாங்கள் உண்பதற்காகவே பயிரிடுகிறவர்கள். உணவை உண்டாக்குகிறவனே உணவுக்கு ஏங்கி நிற்கிறான். இது எப்படி நேர்கிறது? மழை பொய்த்ததாலா? ஜனத்தொகை பெருகியதாலா? அவன் சோம்பேறி என்பதாலா? இந்த மூன்று பதில்களும் கனவான்களின் வாயில் எப்போதும் தயாராக இருக்கின்றன. மலாவியின் சரித்திரம் இவற்றுக்கு என்ன பதில் தருகிறது என்று பார்ப்போம்.

12 மாதம் வயிறு, 7 மாதம் குதிர்

மலாவி தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடற்கரை இல்லாத சிறிய நாடு. பிரிட்டிஷார் ஆண்டபோது அதற்கு நியாசாலாந்து என்று பெயர். 1964-ல் விடுதலை பெற்றது. 2018-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி ஒன்றே முக்கால் கோடிப் பேர். நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் கிராமவாசிகள். பெரும்பாலான குடும்பங்களுக்கு உள்ள நிலம் ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. அதாவது நம் கணக்கில் இரண்டரை ஏக்கருக்குள். பாசனம் கிடையாது. மண்வெட்டிதான் அவர்களுடைய டிராக்டர்.

அந்த நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறார்கள். அதை இடித்து மாவாக்கி, கெட்டியாகக் களி கிண்டி உண்கிறார்கள். அதற்கு ந்ஸீமா என்று பெயர். நம் கேழ்வரகுக் களியைப் போன்றது. "மக்காச்சோளமே உயிர்" என்பது அந்நாட்டுப் பழமொழி. களி இல்லாத சாப்பாட்டை அவர்கள் சாப்பாடாகவே கருதுவதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சோளம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 மூட்டை. உரம் போட வழியில்லாத மண்ணில் 7 மூட்டை விளைந்தால் என்ன ஆகும்? அறுவடை ஏப்ரலில் முடிகிறது. மே முதல் நவம்பர் வரை அடுப்பு எரியும். டிசம்பரில் குதிர் காலி. அடுத்த அறுவடைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது!

அந்த 7 மூட்டையும் முழுசாக வீட்டில் தங்குவதில்லை. அறுவடை முடிந்தவுடன் பழைய கடன்காரன் வந்து நிற்பான். உப்பு, சோப்பு, குழந்தையின் பள்ளிச் செலவு, மருந்து, எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். விற்பதற்கு அவனிடம் சோளத்தைத் தவிர வேறென்ன உண்டு? எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை தரையில் கிடக்கிறது. அப்போது இரண்டு மூட்டையை விற்றுவிட்டு, ஜனவரியில் அதே சோளத்தை இரட்டை விலைக்கும் அதற்கு மேலும் கொடுத்து வாங்குகிறான். மலிவாக விற்கிறவனும் கிராக்கியாக வாங்குகிறவனும் ஒரே ஆள்தான். இடையில் நிற்கும் வியாபாரிக்கு உழுவதும் இல்லை, விதைப்பதும் இல்லை. சாக்கை வாங்கி அடுக்கிவைத்துக் காத்திருப்பதுதான் அவன் வேலை.

டிசம்பர் முதல் மார்ச் வரையுள்ள இந்தக் காலத்தைப் பசி மாதங்கள் என்கிறார்கள். மூன்று வேளை இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். காயான மாங்காயை வேகவைத்துத் தின்பார்கள். உமியும் தவிடும் மாவாகும். ஷீரே நதிப் பள்ளத்தாக்கில் அல்லிக் கிழங்கைத் தோண்டியெடுத்துத் தின்கிறார்கள். குழந்தைகளின் உடலில் இதன் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. 2015-16-ம் ஆண்டு எடுத்த சுகாதார சர்வேயின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 37 பேர் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள்.

பிறத்தியார் நிலத்தில் களை, தன் நிலத்தில் புல்

பசி மாதங்களின் கொடுமை வயிற்றோடு நிற்பதில்லை. அது அடுத்த ஆண்டு விளைச்சலையும் தின்றுவிடுகிறது. எப்படி?

நவம்பரில் மழை இறங்குகிறது. விதைப்பும் களையெடுப்பும் டிசம்பர், ஜனவரியில்தான். பயிருக்கு உயிரான காலம் அது. வீட்டில் மாவு இல்லாத காலமும் அதுவே. குடும்பம் என்ன செய்யும்? கொஞ்சம் வசதியுள்ளவன் நிலத்துக்குக் கூலிக்குப் போகிறது. இந்தக் கூலி வேலைக்கு அங்கே கான்யு என்று பெயர். நாளெல்லாம் மண்வெட்டி பிடித்தால் ஒரு சட்டிச் சோளமோ, கொஞ்சம் மாவோ, சில்லறைக் காசோ கிடைக்கும். பிறத்தியார் நிலத்தில் களை எடுத்து முடித்து வரும்போது தன் நிலத்தில் புல் மண்டிக் கிடக்கும். விளைச்சல் குறையும். அடுத்த ஆண்டு குதிர் இன்னும் முன்னதாகக் காலியாகும். இன்னும் முன்னதாகக் கூலிக்குப் போக வேண்டும்.

இவனைச் சோம்பேறி என்று யார் சொல்வது? இரண்டு நிலத்தில் உழைத்தும் ஒரு வேளை உண்ண முடியாதவனையா?

இதில் பெண்களின் பாரம் மிகப் பெரியது. மலாவியின் தெற்கிலும் மத்தியப் பகுதியிலும் நிலம் தாய்வழியாக வருவது வழக்கம். அப்படியிருந்தும் களையெடுப்பதும், இடிப்பதும், தண்ணீர் சுமப்பதும், இருக்கும் மாவைப் பங்கிட்டுவிட்டுத் தான் கடைசியில் உண்பதும் அவள்தான். 1949-ல் பிளாண்டைர் பகுதியில் பெரும் பஞ்சம் வந்தது. மேகன் வான் என்ற சரித்திர ஆசிரியை அதைப் பற்றி 1987-ல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தப் பஞ்சத்தை அனுபவித்த பெண்கள் சோளம் இடிக்கும்போது பாடிய பாடல்களையும் அவர் சாட்சியமாக எடுத்துக்கொண்டார். சம்பளக்காரக் கணவன் பக்கத்தில் இருந்த குடும்பம் எப்படியோ தப்பியது. கணவன் கைவிட்டுப்போன பெண்ணும், முதியவர்களும், குழந்தைகளும்தான் அதிகம் வாடினார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது. மழை எல்லார் நிலத்திலும்தான் பொய்த்தது. பட்டினி எல்லார் வீட்டுக்கும் ஒரேபோல வரவில்லை.

தோட்டம் வந்தது, நிலம் போயிற்று

இனி, நிலம் ஏன் இவ்வளவு சிறியது? "பிள்ளை அதிகம் பெற்றார்கள்" என்பது அரை உண்மை. மீதி அரையைச் சரித்திரத்தில் தேட வேண்டும்.

பிரிட்டிஷ் ஆட்சி வந்ததும் ஷீரே மேட்டுநிலத்தில் நல்ல மண்ணெல்லாம் வெள்ளைத் தோட்ட முதலாளிகள் கைக்குப் போயிற்று. அந்த மண்ணில் முன்பே குடியிருந்த ஜனங்கள், தாங்கள் குடியிருப்பதற்கு வாடகையாகத் தோட்டத்தில் இலவசமாக உழைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டார்கள். தங்காட்டா என்று அதற்குப் பெயர். நம் பாஷையில் சொன்னால் வெட்டி வேலை. மழைக்காலத்தில், தன் பயிருக்கு ஆள் தேவைப்படும் அதே வேளையில், துரையின் பயிருக்குப் போக வேண்டும். 1915 ஜனவரியில் ஜான் சிலெம்ப்வே என்ற கறுப்பினப் பாதிரியார் இதை எதிர்த்துக் கலகக் கொடி தூக்கினார். கலகம் நசுக்கப்பட்டது; அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலை பெற்ற மலாவி பின்னாளில் தன் நாணய நோட்டில் அவர் முகத்தைப் பொறித்தது.

ஆனால் நோட்டில் முகம் வந்ததால் நிலம் திரும்பி வந்துவிடவில்லை! 1964-க்குப் பிறகு ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஆட்சி 30 ஆண்டுகள் நடந்தது. 1967-ல் வந்த நிலச் சட்டத்தின்படி, கிராமத்தின் பொது வழக்கிலிருந்த நிலத்தைக் குத்தகைத் தோட்டமாக மாற்ற வழி ஏற்பட்டது. ஆளும் வட்டாரத்துக்கு வேண்டியவர்கள் புகையிலைத் தோட்ட அதிபர்களானார்கள். லாபம் மிகுந்த பர்லி ரகப் புகையிலையைச் சிறு விவசாயி பயிரிடுவது 1990-களின் தொடக்கம் வரை தடுக்கப்பட்டிருந்தது. சிறு விவசாயியின் சரக்கை வாங்க 1971-ல் அட்மார்க் என்ற அரசு வாணிபக் கழகம் ஏற்பட்டது. அது அவனுக்குக் குறைந்த விலை கொடுத்து, அதில் கிடைத்த லாபத்தைத் தோட்டங்களிலும் தொழில்களிலும் முதலீடு செய்தது. ஏழையின் வியர்வை பணக்காரனுக்கு மூலதனமாயிற்று.

இன்னொரு காட்சியும் உண்டு. மலாவி ஏரி ஆப்பிரிக்காவிலேயே மூன்றாவது பெரிய ஏரி. அதிலிருந்து ஷீரே நதி ஓடுகிறது. அந்த நதிக்கரையில் கரும்புத் தோட்டங்களுக்குப் பாசனம் உண்டு. அதே பள்ளத்தாக்கில் ஏழையின் சோளம் வானத்தைப் பார்த்து நிற்கிறது. தண்ணீர் இல்லாத நாடல்ல அது. தண்ணீர் யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

கையிருப்பை விற்ற கதை

இப்போது 2001-02-ம் ஆண்டுப் பஞ்சத்துக்கு வருவோம். நம் ஊழியர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

1981 முதல் மலாவி சர்க்கார் உலக வங்கியிடமும் சர்வதேச நிதி நிறுவனத்திடமும் கடன் வாங்கி, அவர்களுடைய நிபந்தனைகளின் கீழ் நடந்து வந்தது. உர மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1990-களின் நடுவில் நின்றே போயிற்று. தூரத்துக் கிராமங்களில் இருந்த அட்மார்க் கிளைகள் "நஷ்டம்" என்று மூடப்பட்டன. அட்மார்க் சிறு விவசாயியைச் சுரண்டியது என்று சற்று முன் சொன்னோம். ஆனால் அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. பசி மாதங்களில் மூலைக் கிராமத்துக்கும் சோளத்தைக் கொண்டுபோய், கட்டிய விலைக்கு விற்றது அதுதான். கழகத்தைச் சீர்திருத்தி ஜனங்களுக்கு உதவும்படி செய்வது ஒன்று. கடையை மூடிவிட்டு வியாபாரியின் கையில் ஜனங்களை ஒப்படைப்பது வேறு. அங்கே நடந்தது இரண்டாவது.

1999-ல் தேசிய உணவுக் கையிருப்பு நிறுவனம் என்று ஒன்று ஏற்பட்டது. கடன் வாங்கிச் சோளம் வாங்கிச் சேர்த்தது. 2000-ம் ஆண்டில் கையிருப்பு சுமார் 1,67,000 டன். வட்டி ஏறியது. கையிருப்பை 30,000 முதல் 60,000 டன் வரை குறைத்துக்கொள்ளலாம் என்று சர்வதேச நிபுணர்கள் ஆலோசனை கூறினார்கள். விற்பனை தொடங்கியது. குறைந்தபட்ச அளவாவது நின்றதா? இல்லை, ஏறக்குறைய எல்லாமே போய்விட்டது! உள்நாட்டு வியாபாரிகள் வாங்கிப் பதுக்கினார்கள். அரசியல் செல்வாக்குள்ளவர்களுக்கும் இதில் பங்குண்டு என்று குற்றச்சாட்டு எழுந்து, ஊழல் தடுப்பு இலாகா விசாரணை நடத்தியது. "நாங்கள் முழுவதையும் விற்கச் சொல்லவில்லை" என்றது சர்வதேச நிதி நிறுவனம். "அவர்கள் சொன்னதால்தான் விற்றோம்" என்றது சர்க்கார். இருவரும் மாறி மாறி விரலை நீட்டினார்கள். குதிர் மட்டும் காலியாகவே இருந்தது.

இதே நேரத்தில் 2001-ல் வெள்ளத்தாலும் பருவக் கோளாறாலும் சோள விளைச்சல் முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. "பயமில்லை, மரவள்ளிக் கிழங்கு ஏராளமாக விளைந்திருக்கிறது" என்றன சர்க்கார் புள்ளிவிவரங்கள். அந்தக் கிழங்கில் பெரும்பகுதி காகிதத்தில்தான் விளைந்திருந்தது! 2001-ன் கடைசி மாதங்களிலேயே கிராமங்களில் வேலை செய்தவர்கள் அபாயச் சங்கு ஊதினார்கள். தலைநகரிலும் உதவி நாடுகளின் அலுவலகங்களிலும் அது ஏறவில்லை. கிலோ 5 குவாச்சா அளவில் இருந்த சோளம் 2002 தொடக்கத்தில் பல சந்தைகளில் 40 குவாச்சாவை எட்டியது. 2002 பிப்ரவரி 27-ந் தேதிதான் ஜனாதிபதி பகிலி முலூசி அவசர நிலையை அறிவித்தார். அதற்குள் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். சில நூறு என்றும், ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை என்றும் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. கிராமத்து ஏழையின் சாவைத் துல்லியமாக எண்ணிவைக்கக்கூட அங்கே ஏற்பாடு இருக்கவில்லை.

இதைவிட மோசமான விளைச்சல் அந்த நாட்டில் முன்பும் ஏற்பட்டதுண்டு. 1992-ல் கடும் வறட்சி வந்தது. அப்போது இப்படிச் சாகவில்லை. 2002-ல் பயிரோடு சேர்த்துக் கிடங்கும் பொய்த்தது, கடையும் பொய்த்தது, சர்க்காரின் காதும் பொய்த்தது. அதனால்தான் சாவு வந்தது.

இரண்டு மூட்டை உரம்

2005-ல் மறுபடியும் விளைச்சல் வீழ்ந்தது. சுமார் 50 லட்சம் பேர் உதவிச் சோளத்துக்குக் கை நீட்டினார்கள். அந்த ஆண்டு பிங்கு வா முத்தாரிகாவின் சர்க்கார், உதவி நாடுகள் முகம் சுளித்தபோதிலும், உர மானியத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ஏழைக் குடும்பத்துக்குக் கூப்பன். இரண்டு மூட்டை உரம், சந்தை விலையில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு. மழையும் கைகொடுத்தது. 2005-ல் சுமார் 12 லட்சம் டன்னாக இருந்த சோளம் 2006-ல் 25 லட்சம் டன்னைத் தாண்டியது. 2007-ல் ஜிம்பாப்வேக்கு ஏற்றுமதி செய்யும் அளவுக்குப் போயிற்று. "ஏழைக்கு மானியம் கொடுத்தால் நாடு கெடும்" என்றவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

ஆனால் நாம் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டக்கூடாது. சர்க்கார் சொன்ன விளைச்சல் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னர் பலர் எடுத்துக்காட்டினார்கள். கூப்பன் கள்ள மார்க்கெட்டுக்கும் போயிற்று. உரம் முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு, டாலர் வேண்டும். அரை ஏக்கர் உள்ளவனுக்கு இரண்டு மூட்டை உரத்தால் எவ்வளவு மிச்சமாகும்? நிலமில்லாதவனுக்கு என்ன மிச்சம்? நாடு முழுவதும் ஒரே பயிரை நம்பியிருப்பதையும் அது மாற்றவில்லை. மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். அதற்கு முன் அங்கே சோளமும் கேழ்வரகும்தான் உணவு. வறட்சியைத் தாங்கும் அந்தத் தானியங்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. மானியம் அவசியமான மருந்து. ஆனால் நோய் நிலத்திலும் சந்தையிலும் இருக்கிறது.

அந்த நோய் இன்னும் தீரவில்லை. 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தென் மலாவியைத் தாக்கியது. ஆறு மாதத்து மழை ஆறு நாளில் கொட்டியது. 679 பேர் இறந்தனர். ஐந்நூறுக்கு மேற்பட்டோரைக் காணவில்லை. ஆறரை லட்சம் பேர் வீடிழந்தனர். அறுவடைக்கு நின்ற பயிர் சேற்றில் புதைந்தது. அடுத்த ஆண்டே நேர்மாறாக வறட்சி. 2024 மார்ச் 23-ந் தேதி, 28 ஜில்லாக்களில் 23-ல் பேரிடர் நிலை அறிவிக்கப்பட்டது. உலகத்தின் புகைபோக்கிகளில் மலாவி விவசாயியின் பங்கு ஒன்றுமில்லை. அவற்றின் தண்டனையில் அவன் பங்குதான் அதிகம்.

இத்தோடு நாணய மதிப்புக் குறைப்பும் சேர்ந்தது. 2022 மே மாதத்தில் 25 சதவீதம். 2023 நவம்பரில் 44 சதவீதம். இரண்டாவது குறைப்பு வந்த அதே மாதத்தில் சர்வதேச நிதி நிறுவனத்தின் புதுக்கடனும் மஞ்சூராயிற்று. உர விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 2020-ல் ஏறக்குறைய எல்லாச் சிறு விவசாயிகளுக்கும் என்று தொடங்கிய மானியத் திட்டமோ, சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழாகச் சுருக்கப்பட்டது.

அவர்கள் துவரையும் நம் சாம்பாரும்

தோழர்களே! ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறோம்.

தென் மலாவியில் சோளத்துக்கு ஊடுபயிராகத் துவரை போடுகிறார்கள். நந்தோலோ என்பது அதன் பெயர். சோளம் வயிற்றுக்கு, துவரை கைக்காசுக்கு. அந்தத் துவரையை வாங்கும் பெரிய சந்தை எது? இந்தியாதான்.

2015-ல் நம் நாட்டில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஆப்பிரிக்காவில் விளைவியுங்கள், வாங்கிக்கொள்கிறோம் என்று டில்லி ஊக்கம் கொடுத்தது. அங்கே விதைத்தார்கள். இங்கேயும் விவசாயி விலையை நம்பி ஏராளமாக விதைத்தான். 2016-17-ல் இங்கே அமோக விளைச்சல். குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்று சர்க்கார் அறிவித்தும் அந்த விலை கிடைக்காமல் பல மாநிலங்களில் விவசாயி தவித்தான். 2017 ஆகஸ்டில் டில்லி இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு கட்டியது. மலாவியில் துவரை விலை படுத்துவிட்டது. பசி மாதங்களுக்கு அந்தக் காசை நம்பியிருந்த குடும்பங்கள் திகைத்து நின்றன. பிறகு 2021-ல் மறுபடியும் கதவு திறந்தது. ஆண்டுக்கு 50,000 டன் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு மலாவியிடம் வாங்குவதாக ஒப்பந்தமும் ஆயிற்று.

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துத் துவரை விவசாயி, "ஆப்பிரிக்கப் பருப்பு வந்து எங்கள் விலையைக் கெடுக்கிறது" என்று குமுறுகிறார். அவர் கஷ்டம் உண்மை. ஆனால் பகைவன் யார் என்பதில்தான் நாம் தெளிவாக இருக்க வேண்டும். விலை 200 ரூபாய்க்குப் போனபோது கிருஷ்ணகிரி விவசாயிக்கு அது கிடைத்ததா? மலாவி விவசாயிக்குக் கிடைத்ததா? இருவரிடமும் அறுவடையன்று வாங்கியவன் ஒரே ஜாதி: பதுக்கல் வியாபாரி ஜாதி. இரண்டரை ஏக்கர்காரனை இரண்டரை ஏக்கர்காரன் மீது ஏவிவிடும் பிரசாரத்துக்கு நம் சங்கம் இடங்கொடுக்கலாகாது.

நமது வேலை

எனவே இந்த வகுப்பிலிருந்து நாம் மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

முதலாவது, பஞ்சம் வானத்திலிருந்து மட்டும் விழுவதில்லை. நிலம் யாரிடம், தண்ணீர் யாருக்கு, கிடங்குச் சாவி யார் கையில் என்ற கேள்விகளை ஒவ்வொரு கிராமக் கூட்டத்திலும் விளக்க வேண்டும்.

இரண்டாவது, பொதுக் கிடங்கும், அறுவடைக் காலக் கொள்முதலும், பசிக் காலத்து நியாயவிலை விநியோகமும் ஏழை விவசாயிக்கு உயிர்நாடி. "நஷ்டம், வட்டி, வீண்செலவு" என்று யாராவது கிடங்கைக் குறைக்கவோ கடையை மூடவோ வந்தால், 2002-ம் ஆண்டு மலாவியை ஞாபகப்படுத்துங்கள். அந்தக் கையிருப்பை விற்று மிச்சப்படுத்திய வட்டியின் விலை மனித உயிர்.

மூன்றாவது, துவரை பற்றி நம் சங்கக் கிளைகள் போடும் தீர்மானத்தில் "அந்நியப் பருப்பை விரட்டு" என்ற வாசகம் வேண்டாம். அறிவித்த ஆதார விலைக்குச் சர்க்காரே விவசாயியிடம் நேரில் கொள்முதல் செய்யட்டும். எவ்வளவு இறக்குமதி என்பதை இரு நாட்டு விவசாயிகளும் விதைப்பதற்கு முன்பே அறிவிக்கட்டும். வெளிநாட்டில் வாங்குவதை அங்குள்ள விவசாயிகளின் கூட்டுறவுகளிடம் வாங்கட்டும். இதுவே நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

மலாவிப் பெண் தன் நிலத்தில் நந்தோலோ விதைக்கும்போது, டில்லியில் என்ன உத்தரவு போடுவார்கள் என்று தெரியாமலே விதைக்கிறாள். நம் விவசாயியும் அப்படித்தான் விதைக்கிறான். இந்த நிலையை மாற்றுவதற்கு, அடுத்த விதைப்புக்கு முன்பே கிளைக் கூட்டங்களைக் கூட்டுங்கள், இந்த விவரங்களை ஜனங்களிடம் சொல்லுங்கள், கையெழுத்து வாங்குங்கள். வேலையைத் தொடங்குவோம், தோழர்களே!